கவிழ்ந்த கல்லின் முகம்

கல்லுக்குக் கண் உண்டு என்று ஜெசிந்தா ஒருபோதும் சொன்னதில்லை. அப்படி எழுதியவர்கள் பத்திரிகைக்காரர்கள். அவளுடைய நாற்பது பக்க ஆய்வறிக்கையில் அந்த வார்த்தையே கிடையாது. ஆனால் ஆய்வறிக்கையை முழுசாகப் படித்தவர்கள் நாட்டில் ஆறேழு பேர் இருந்தால் அதிகம். பத்திரிகைச் செய்தியோ மலைமேல் வரை போய்விட்டது. தொம்பரைமலையில் ஒரு டீக்கடையில் யாரோ அதை உரக்க வாசிக்க, எழுதப் படிக்கத் தெரியாத பூங்காவனம் நின்று கேட்டிருக்கிறாள். மறுநாள் காலையே மலையிறங்கிச் சட்ட உதவி மையத்தின் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். பதினான்கு மாதம் நடையாய் நடந்து, நீதிமன்றத்தில் ஓர் உத்தரவும் வாங்கிவிட்டாள்.

அந்த உத்தரவின்படிதான் ஜெசிந்தா இப்போது அந்த மலையின் உச்சியில், பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு, இரண்டு அடுக்குக் கறுப்புத் தார்ப்பாய் போட்ட கூடாரத்துக்குள், குப்புறக் கிடக்கும் ஒரு கல்லின் பக்கத்தில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தாள்.

வெளியே மரமில்லாத மேட்டுநிலம். சுற்றிலும் சாமைக் கொல்லை. நடுவே வட்டமாகப் பதினேழு கற்கள், ஒவ்வொன்றும் மார்பளவு உயரம். தொல்லியல் படித்தவர்கள் அதைக் கல்வட்டம் என்பார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துப் பழைய புதைகுழி என்பார்கள். ஊரில் அதற்குப் பெயர் வீட்டுக்கல். ஊரில் பதினேழு வீட்டுப் பெயர்கள், வட்டத்தில் பதினேழு கற்கள், வீட்டுக்கொன்று. கல் முந்தியா, வீடு முந்தியா என்று கேட்டால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். பதினாறு கற்கள் நின்றுகொண்டிருந்தன. பதினேழாவது கல், பூங்காவனத்தின் புருஷன் சடையன் வீட்டுக் கல், ஒன்பது வருடம் முன்பு ஒரு மழைக்கால மாலையில் விழுந்தது.

அன்றைக்கு அங்கே நடந்ததை வழக்குக் கட்டில் ஒரு பக்கத்தில் எழுதி முடித்திருந்தார்கள். சடையனின் அண்ணன் லிங்கன் சந்தனமரம் வெட்டுகிற கூட்டத்தோடு சேர்ந்து திரிந்தான். வனத்துறை அவனைத் தேடிக்கொண்டிருந்தது. தம்பி தடுத்தான். வட்டத்துக்குள் நின்று வாய்ச்சண்டை போட்டார்கள், வாய்ச்சண்டை கைச்சண்டையானது. சடையன் கடப்பாரையால் அடித்தான். லிங்கன் கல்லின்மேல் சாய, மழையில் ஊறி ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த கல் கவிழ்ந்தது. சடையன் ஒரே ஓட்டமாக மலையிறங்கிப் போலீஸ் நிலையத்தில் விழுந்து, “எங்கண்ணனக் கொன்னுட்டன்” என்றான். போலீஸ் மேலே வந்து பார்த்தபோது ரத்தம் இருந்தது, கடப்பாரை இருந்தது, உடல் இல்லை. பின்னால் ஓடை கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்று முடிவானது. கொன்றவனே கொன்றேன் என்று சொல்லும்போது வேறு என்ன வேண்டும்? ஆயுள் தண்டனை.

பூங்காவனம் மட்டும் நம்பவில்லை. அடித்தது உண்மையாக இருக்கலாம், ஆனால் கொல்லுகிற அடி அடிக்கிற கை அதில்லை என்று அவள் ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவேளை கல் விழுந்துதான் லிங்கன் செத்தானோ, ஒருவேளை ஓடையில் தவறி விழுந்தானோ. விழும்போது அந்தக் கல் பார்த்ததை எடுத்துக் காட்டுங்கள் என்பதுதான் அவள் மனு.

“கல்லுல லென்ஸ் கிடையாதே மேடம், அப்புறம் எப்படிப் படம் வரும்?” என்று கேட்டார் சம்பந்தம். நீதிமன்றம் நியமித்த வக்கீல் கமிஷனர். எல்லாம் தன் கண்முன் நடந்ததா என்று எழுதிக் கொடுக்க வேண்டியவர். சிவப்பு விளக்கின் மங்கலில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“கல்லோட தோலுல சின்னச் சின்னப் படிகம் இருக்கு சார். வெயில்ல இருக்கறவரைக்கும் அதுல ஒண்ணும் தங்காது, வர்ற வெளிச்சமே பழசை அழிச்சிடும். கல்லு கவிழ்ந்து முகம் மண்ணுல மூடிட்டா, மூடறதுக்கு முன்னாடி கடைசியாப் பட்ட வெளிச்சம் அப்படியே நின்னுடும். அறைக் கதவைச் சாத்தறப்போ இடுக்கு வழியா ஒரு கோடு வெளிச்சம் உள்ள விழுமில்லையா, அந்த மாதிரி. அந்த இடுக்குதான் லென்ஸு. மிச்சத்தை கம்ப்யூட்டர் பிரிச்செடுக்கும்.”

“மூடி எத்தனை வருஷம் ஆச்சுன்னும் சொல்லுமா?”

“அது பழைய வித்தை சார். அதுக்கு ஒரு சிட்டிகைத் தூள் போதும்.” ஜெசிந்தா கொஞ்சம் தயங்கினாள். “படம்தான் ஒரே ஒரு தரம். படிக்கறப்பவே அழிஞ்சிடும். இன்னொன்னு, கல்லு வேகமா விழுந்திருந்தா கலங்கல்தான் கிடைக்கும். இவங்களுக்கும் சொல்லிட்டேன்.”

கூடாரத்தின் மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த பூங்காவனம் தலையை ஆட்டினாள். நாற்பது வயது இருக்கும். பார்த்தால் கூடுதலாகத் தெரிந்தாள். காலையில் ஜெசிந்தா அவளைத் தனியே அழைத்துக் கேட்டிருந்தாள்: படத்தில் உன் புருஷன் கடப்பாரையோடு நின்றால் என்ன செய்வாய்? இதற்குமேல் மனு போட இடமில்லை.

“நின்னாருன்னா நின்னாருன்னு தெரிஞ்சுக்கறன்” என்றாள் பூங்காவனம். “தெரியாமயே ஒம்போது வருசம் ஓட்டிட்டன். போதும்மா.”

மற்ற ஊர்க்காரர்கள் யாரும் வட்டத்துப் பக்கம் வரவில்லை. ஊர்ப் பெரியதனம் சாமக்கண்ணு மட்டும் கூடாரத்துக்கு வெளியே துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். அறுபது வயது மனுஷர், பேச்சில் தேன் வழியும். ஆனால் காலையில் ஒரு மணி நேரம் விடாமல் வாதாடினார்: கல்லை எடுக்காதீங்க, வேத்தாளு கை படக்கூடாது, ஊருக்கு ஆகாது. கடைசியில், கையால் தொடமாட்டோம், இரும்பு ஜாக்கிதான் தொடும் என்று ஜெசிந்தா சொன்ன பிறகுதான் அரைமனதாக நகர்ந்தார். ஜாக்கி கல்லை ஒரு சாண் தூக்கி நிறுத்தியிருந்தது. கீழே நுழைத்துக் கல்லின் முகத்தைப் படிக்க வேண்டிய தட்டு, கறுப்புத் துணி சுற்றி, தயாராக இருந்தது.

முதலில் வருடக் கணக்கு. சின்ன ஊசி முனையால் ஓரத்தில் சுரண்டிய தூளை, கூடவே கொண்டுவந்திருந்த அளவுப் பெட்டிக்குள் வைத்தாள். நாலு நிமிடம். திரையில் எண் வந்தது. ஜெசிந்தா அதைப் பார்த்தாள், பெட்டியை அணைத்தாள், வேறு இடத்தில் சுரண்டி மறுபடி வைத்தாள். அதே எண்தான்.

“என்ன மேடம்?”

“ஆறு வருஷம் காட்டுது சார்.”

“ஒன்பது இல்ல?”

“ரெண்டு மூணு மாசம் முன்னபின்ன இருக்கலாம். மூணு வருஷம் பிசகாது. கல்லை நடுவுல யாரோ தூக்கியிருக்காங்க. முகம் வெயிலைப் பார்த்திருக்கு. அதுக்கப்புறம் மறுபடி கவிழ்த்திருக்காங்க.”

சம்பந்தம் நீளமாக மூச்சு விட்டார். கேஸ் தோற்ற மூச்சு அது, ஜெசிந்தாவுக்கே புரிந்தது. “அப்போ சண்டை நடந்த அன்னிக்குப் பதிஞ்சது…”

“போயிடுச்சு சார். வெயில் பட்டதுமே அழிஞ்சிருக்கும்.”

“சான்று கலைக்கப்பட்டதுன்னு எழுதறதைத் தவிர எனக்கு வழியில்ல. மனு தள்ளுபடியாகும்.” அவர் பூங்காவனத்தின் பக்கம் திரும்பவில்லை. திரும்ப மனசு வரவில்லை. நல்ல மனுஷர்தான். “பேக் பண்ணிடுங்க மேடம்.”

பூங்காவனம் அழுவாள் என்று ஜெசிந்தா எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கல்லையே பார்த்தாள்.

“யாரும்மா தூக்குனது?” என்றாள். “தூக்க முடியாதேம்மா.”

“நாலு பேர் சேர்ந்தா தூக்கலாமே.”

“அதில்லம்மா. ஒரு வீட்டுக் கல்ல அந்த வீட்டு ரத்தம்தான் தொடணும். நானே தொடக்கூடாது, நான் கட்டிக்கிட்டு வந்தவ. கல்லு விழுந்தா மூணு வருசத்துக்குள்ள அந்த வீட்டு ஆம்பள எடுத்து, மூஞ்சியக் கழுவி நிறுத்தணும். இல்லன்னா அந்த வீட்டுப் புள்ளைங்களுக்கு ஆகாதுன்னுவாங்க. எம்புள்ளைங்க ரெண்டும் அப்பக் கைக்கொழந்தைங்க. நான் அழுதுகிட்டேதான் இருந்தன், யாரு எடுப்பா? அவரு ஜெயில்ல. மாமனாரு எப்பவோ போய்ட்டாரு. மீதி…”

அவள் நிறுத்திவிட்டாள்.

சம்பந்தம் வக்கீல், அவருக்குத்தான் முதலில் வாய் வந்தது. அதுவும் ரகசியம் பேசுகிற குரலில்.

“அந்த வீட்டுல வேற ஆம்பளை யாரும்மா இருக்கா?”

“யாரும் இல்லீங்க. அண்ணந்தம்பி ரெண்டே பேருதான்.”

சம்பந்தம் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். “உத்தரவுல கல்லைப் படிக்கணும்னுதான் இருக்கு. எந்த வருஷம்னு இல்ல” என்றார். “படிங்க மேடம். இப்பவே படிங்க.”

ஜெசிந்தா குப்புறப் படுத்து, தட்டின் மேலிருந்த துணியை உருவி, அதைக் கல்லுக்கடியில் அங்குலம் அங்குலமாகத் தள்ளினாள். தட்டு படிக்க ஆரம்பித்தது. இடமிருந்து வலமாக நூறு பங்கு. பெட்டித் திரையின் மூலையில் பங்குக் கணக்கு ஏறியது. எட்டு. பதினைந்து.

வெளியே சாமக்கண்ணுவின் குரல் கேட்டது. “என்னாங்க உள்ள? அதான் ஆறு வருசம்னுட்டீங்களே, கெட்டுப்போச்சுன்னுட்டீங்களே, இன்னும் என்னா நோண்டறீங்க?”

தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“பெரியவரே, உள்ள வராதீங்க!” என்று கத்தினார் சம்பந்தம். “வெளிச்சம் படக்கூடாது!”

சொல்லியிருக்கவே கூடாது. அது அவருக்கு வழி காட்டியதாகிவிட்டது. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. வெளியே அரிவாள் கயிற்றில் விழுகிற சத்தம் ஒன்று, இரண்டு. மலைக்காற்று மீதி வேலையைப் பார்த்துக்கொண்டது. வலப்பக்கத் தார்ப்பாய் இரண்டு அடுக்கும் படபடவென்று மேலே கிளம்ப, உச்சி வெயில் உள்ளே கொட்டியது.

ஜெசிந்தா யோசிக்கவே இல்லை. கறுப்புத் துணியைக் கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே திணித்து, அதன்மேல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். எதிர்ப்பக்கம் இன்னோர் உடம்பு தொப்பென்று விழுந்தது. பூங்காவனம். தொடக்கூடாத கல்லை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, முந்தானையை இடுக்கில் அடைத்துக்கொண்டு கிடந்தாள்.

“பூங்காவனம், எந்திரி! கல்ல உடு! உம்புள்ளைங்களுக்கு ஆகாது!” என்று சாமக்கண்ணு அலறினார்.

“ஆவலன்னா போவுது!” என்று அவளும் அலறினாள். “அப்பன் இல்லாம வளந்ததுங்களுக்கு இனி என்னா ஆவணும்?”

சம்பந்தம் சாமக்கண்ணுவை இடுப்போடு பிடித்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கோட்டுப் போட்ட மனிதர் அரிவாள் வைத்திருந்தவரோடு மல்லுக்கட்டிய காட்சியை வேறு சமயமாக இருந்தால் ஜெசிந்தா பார்த்துச் சிரித்திருப்பாள். இப்போது அவள் மண்ணில் கன்னத்தை வைத்துக்கொண்டு, துணிக்கு அடியில் தட்டு ஓடும் மெல்லிய சத்தத்தை மட்டும் கேட்டபடி எண்ணிக்கொண்டிருந்தாள். இருபது நிமிடம். பிறகு பெட்டி ஒரு சின்ன மணி அடித்தது.

வலப்பக்கம் போய்விட்டது. திரையில் அங்கே வெறும் வெள்ளை. இடப்பக்கம் பாதிக்கு மேல் தப்பியிருந்தது. கணினி அதைப் பிரித்து அடுக்க அரைமணி நேரம் ஆனது. சாமக்கண்ணு அரிவாளைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்துக் கல்லோரம் உட்கார்ந்துவிட்டார். அது அவர் வீட்டுக் கல்.

வரிவரியாகப் படம் வந்தது. கலங்கல் இல்லை. ஜெசிந்தா அதுவரை படித்த எந்தக் கல்லும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. விழுந்த கல்லாக இருந்தால் இப்படி வராது. யாரோ அதைப் பூப்போல மெல்ல மெல்லக் கீழே இறக்கியிருக்கிறார்கள். இடுக்கு மூடிக்கொண்டே வந்த அத்தனை நேரமும் ஒரு மனிதன் மண்டிபோட்டு, கன்னம் தரையைத் தொடுமளவு குனிந்து, கல்லின் எடையைக் கைகளில் தாங்கிக்கொண்டிருக்கிறான். அவன் முகம் நேராகக் கல்லைப் பார்த்திருந்தது. எலும்பு துருத்திய கன்னம். பக்க நெற்றியில் ஒரு பழைய தழும்பு. வாய் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

சம்பந்தம் வழக்குக் கட்டிலிருந்து செத்துப்போனவனின் அடையாள அட்டை நகலை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். வைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

“எங்க மச்சாண்டாரு” என்றாள் பூங்காவனம். குரலில் ஒன்றுமே இல்லை. “உசுரோட இருக்காரு.”

அப்புறம்தான் அவள் விரல் முகத்தை விட்டு மேலே நகர்ந்தது. லிங்கனுக்குப் பின்னால் கால்கள் தெரிந்தன. முட்டிக்கு மேல் யாருக்கும் உடம்பில்லை. இடுக்கு அவ்வளவைத்தான் விட்டிருந்தது. வெறுங்கால்கள், வரிசையாக. பூங்காவனம் ஒவ்வொரு காலாகத் தொட்டாள். ஒரே களத்தில் நின்று சாமை தூற்றியவர்களுக்கு ஒருத்தர் காலை ஒருத்தர் தெரியாதா?

“இது காத்தாயி. இது அவ புருசன். இந்த வெரலு வளஞ்சது மேலூட்டுச் சாமனுது. இது எங்கூட ஒம்போது வருசமா தண்ணிக்கு வர்ற ராமாயி. போன வாரங்கூட எம்மடியில தலய வச்சு, உம்புருசனுக்கு எப்பத்தான் விடியுமோன்னு அழுதா.” அவள் திரும்பினாள். “இது நீ, பெரியதனம்.”

சாமக்கண்ணு மறுக்கவில்லை. “செத்தான்னுதான் நாங்களும் நெனச்சம் பூங்காவனம். சத்தியமா. அன்னிக்கு மயக்கம் தெளிஞ்சு காட்டுக்குள்ள ஓடிட்டானாம், மூணாம் வருசம் வந்து நின்னான். கல்லு விழுந்து கெடக்குது, தம்பி புள்ளைங்களுக்கு ஆகாது, எடுத்துக் கழுவிட்டுப் போயிடறன்னு கால்ல விழுந்தான். வீட்டுக் கல்ல ஊரு கூடி நின்னுதான் எடுக்கணும். நின்னம், நாங்க கடப்பாரையால நெம்புனம், கைய வச்சது அவன் ஒருத்தன்தான். நிமித்தி வச்சா போலீசுக்குத் தெரிஞ்சிடும்னு கழுவி மறுபடி படுக்க வச்சம்.”

“நான் எங்க இருந்தன் அன்னிக்கு?”

அவர் மண்ணைப் பார்த்தார். “நீ மனு குடுத்து உம்புருசனப் பாக்க ஜெயிலுக்குப் போயிருந்த. அந்த நாளாப் பாத்துத்தான்…”

“ஒரு வார்த்த சொன்னா அவர உட்டிருப்பாங்களேய்யா!”

“சொன்னா லிங்கனப் புடிப்பாங்க. சந்தனக் கேசுல வனக்காவலரு ஒருத்தரு செத்திருந்தாரு அப்ப. இவன் இல்ல வெட்டுனது, ஆனா கூட இருந்தான். தூக்குலகூடப் போடுவாங்கன்னாங்க. சடையன் உசுரோடதான இருக்கான், இன்னிக்கில்லாட்டி நாளைக்கு வந்துடுவான்னு நெனச்சம். ஒரு வீட்டுல ரெண்டு பேரையும் குடுக்கறதான்னு நெனச்சம்.”

அந்த நியாயத்தில் எங்கே கோளாறு என்று ஜெசிந்தாவால் உடனே சொல்ல முடியவில்லை. அதுதான் அவளுக்குக் கோபமாக வந்தது. முப்பது பேர் கூடி நின்று, குழந்தைகளுக்கு நல்லது நடக்க வேண்டுமென்று மனசார வேண்டிக்கொண்டு, அந்தக் குழந்தைகளின் அப்பனை உள்ளேயே விட்டிருக்கிறார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. கெட்டவன் ஒருத்தனாவது இருந்திருந்தால் பூங்காவனத்துக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நாலு மாதம் கழித்துத் தண்டனை ரத்தானது. லிங்கனைத் தேடி மூன்று மாநிலத்துக்குத் தாக்கீது போனது, ஆள் அகப்படவில்லை. விடுதலைக்கு இரண்டு நாள் முன்பு பூங்காவனம் ஜெசிந்தாவுக்குப் போன் செய்தாள்.

“வக்கீலு சொன்னாலும் அவரு நம்பலம்மா. கொன்னது நான்தான், எங்கையில இன்னும் அந்த அடி இருக்குதுன்றாரு. வெளிய வர மாட்டன்றாரு. நீ வந்து சொல்லும்மா. கல்லப் படிச்சவ நீதான.”

சிறையில் மனு கொடுத்துக் கைதிகளைப் பார்க்கிற கூடம் சந்தை மாதிரி இருந்தது. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர், எல்லோரும் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். சடையன் தலையைக் குனிந்தபடி வந்து நின்றார். உச்சந்தலை நரைத்திருந்தது. அதைத் தவிர ஜெசிந்தாவால் அவர் முகத்தில் எதையும் பார்க்க முடியவில்லை.

அவள் பொறுமையாகச் சொன்னாள். படிகம், வெளிச்சம், கதவிடுக்கு, ஆறு வருடக் கணக்கு எல்லாவற்றையும். கடைசியில், “உங்க அண்ணன் அன்னிக்குச் சாகலைங்க. நீங்க யாரையும் கொல்லலை” என்றாள். அதிகாரி முத்திரை போட்டு அனுமதித்த படத்தை வலையில் ஒட்டிப் பிடித்தாள்.

சடையன் பார்த்தார். அவர் சத்தம் போட்டு அழுவார், இல்லையென்றால் அண்ணனை ஏசுவார், வலையைப் பிடித்து உலுக்குவார் என்று ஜெசிந்தா எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தாள். அவர் வலைக்கு நெருங்கி வந்தார். தழும்பு இருந்த இடத்தில் வலையின் வழியே விரலை வைத்தார்.

“எளச்சுப் போயிட்டாரு” என்றார். “சாப்பாடே இல்லாம திரிஞ்சிருக்காரு.”

பூங்காவனம் ஜெசிந்தாவின் கையிலிருந்து படத்தைப் பிடுங்கி நாலாக மடித்தாள்.

“அவரு எளச்சது தெரியுதா உனக்கு?” அவள் குரலுக்குக் கூடமே ஒரு நிமிடம் அடங்கியது. “மாசம் ரெண்டு தரம் மலையெறங்கி வரேன். ஒம்போது வருசம். அண்ணனக் கொன்ன மூஞ்சி, எப்படிக் காட்டறதுன்னு தரையவே பாத்துகிட்டு நின்ன. ஒருநா நிமுந்து பாத்திருப்பியா நீ? இப்ப அவரு சாவலய்யா. என்னப் பாரு.”

சடையனின் விரல் இன்னும் வலையிலேயே இருந்தது.

“என்னப் பாருய்யா.”

அவர் மெல்லத் தலையைத் தூக்கினார். பார்த்தவர் ஒரு நொடி திகைத்துப் போனார். எதிரே நின்ற நரைத்த பொம்பளை யார் என்று அவருக்குத் தெரியவில்லை.